பதினேழாம் கிணற்றின் முழம்

கம்ப்யூட்டர் அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். உள்ளே ஏசி முனகிக்கொண்டிருக்கும். தூசி பட்டால் இயந்திரத்துக்கு ஆகாது என்பார்கள். செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்தாற்போல் இருந்த எங்கள் சின்ன நீராய்வு மையத்தில் நான் முதல் நிரலை எழுதியது அப்படி வெறுங்காலோடுதான். தொண்ணூற்றேழில். பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில்.

பத்து வருடம் கழித்து, நாற்பத்தைந்து வயதில், அதே மொழியை மறுபடியும் படிக்க உட்கார்ந்தேன். இப்போது யாரும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. மேசைக்கு மேசை கம்ப்யூட்டர், அதன் மேல் டீ டம்ளர். மூன்று நாள் ஒரு வரிகூட ஓடவில்லை. நான்காம் நாள் ஏதோ யோசனையில் மேசைக்கடியில் செருப்பை உதறிவிட்டுப் பாதங்களைத் தரையில் வைத்தேன். சில்லென்று ஏறியது. விரல் தானாகப் போய் ஒரு டாலர் குறியை அடித்தது. அட, இதுதான், இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று உடம்புக்கு முதலில் தெரிந்தது. எனக்கு அப்புறம்தான்.

எங்கள் வேலை கிணறுகளை அளப்பது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரமாக நாற்பது ஊர்க் கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊரிலேயே ஓர் ஆள். கிணற்றின் வாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அளந்து, நாங்கள் அச்சடித்துக் கொடுத்த தபால் அட்டையில் எழுதிப் போடுவார்கள். அட்டையில் கிணற்றின் எண்ணும் அளப்பவரின் பெயரும் முன்பே அச்சாகியிருக்கும். ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதில் அளவு. வரும் அட்டைகளை நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். ஏற்றியதைப் படித்து, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல நான் எழுதிய நிரல் ஒன்று இருந்தது.

பிறகு எனக்குப் பதவி உயர்ந்தது. கோப்பு, கூட்டம், கையெழுத்து. நிரல் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. அட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

கடல் ஊருக்குள் வந்துபோன அந்த டிசம்பருக்குப் பிறகுதான் கடலோரக் கிணறுகள் மேல் எல்லோருக்கும் அக்கறை வந்தது. கிணறு வற்றிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு ஊர்களுக்குக் குழாயும் மேல்நிலைத் தொட்டியும் போடுவதாக முடிவாகி, எந்தப் பன்னிரண்டு என்று சொல்லும் வேலை எங்களிடம் வந்து சேர்ந்தது. பத்து வருட அளவுகளையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் இயக்குநர் பழைய நிரலை ஒரு சிடியில் போட்டு என் மேசையில் வைத்தார்.

“நீங்க எழுதுனதுதானே மேடம். நீங்களே பாத்துருங்க. மூணு வாரம் இருக்கு.”

நான் எழுதியதுதான். ஆனால் திறந்து பார்த்தபோது வேறு யாரோ எழுதிய கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரிக் கூச்சமாக இருந்தது. டாலர் குறிகள், அலை அலையாய் வளைந்த அடைப்புகள், சாய்கோடுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் புள்ளிகள். எதற்கு எது என்று ஒன்றும் நினைவில்லை. எழுதிய பெண்ணை மட்டும் லேசாக நினைவிருந்தது. ஒல்லியாக இருப்பாள். எதற்கெடுத்தாலும் அவசரம்.

அப்போது பெர்ல் கற்றுக்கொடுக்க செங்கல்பட்டில் ஆள் கிடையாது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், யாரோ ஒருவரின் நண்பரிடமிருந்து ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் வாங்கி, சுருள்கம்பி போட்டுக் கொண்டுவந்தார். ஜெராக்ஸ் எடுத்தவர் அவசரத்தில் நடுவே எட்டுப் பக்கங்களை விட்டுவிட்டார். அந்த எட்டுப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எனக்குப் பத்து வருடம் தெரியாது. தெரியாமலேயே நிரல் எழுதி, அதுவும் ஓடி, நானும் பெரிய ஆள் என்று நடமாடியிருக்கிறேன்.

இந்த முறை முழுப் புத்தகம் கிடைத்தது. முதல் வேலையாக அந்த எட்டுப் பக்கங்களைத்தான் புரட்டினேன். ஹாஷ் என்று ஒன்று. ஒரு பெயருக்கு எதிரே ஒரு மதிப்பை எழுதி வைத்துக்கொள்கிற பட்டியல். அது தெரியாததால் நான் நாற்பது கிணறுக்கும் நாற்பது ‘இஃப்’ போட்டிருந்தேன். இது ஒன்றாம் கிணறா, அப்படியானால் இதைச் செய். இது இரண்டாம் கிணறா, அப்படியானால் இதைச் செய். ஒவ்வொரு கிணற்றின் முன்னாலும் போய் நின்று நீ யார், நீ யார் என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அந்த ஒல்லிப் பெண்மேல் கொஞ்சம் பாசமும் வந்தது.

நாங்கள் அணுபுரத்தில் குடியிருந்தோம். காலையில் வீட்டுக்காரர் ஸ்டாஃப் பஸ் பிடித்துக் கிழக்கே போவார். நான் டவுன் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாக மேற்கே செங்கல்பட்டுக்கு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம்தான் என் பள்ளிக்கூடம். மடியில் நோட்டு. பஸ் குலுக்கலில் எழுதிய வரிகள் மலை ஏறி இறங்கும். ஒன்றுக்கு டாலர், வரிசைக்கு @ என்ற அட் குறி, ஹாஷுக்கு சதவீதக் குறி. ஒன்றுக்கு டாலர். பக்கத்து சீட்டுப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “வெளிநாட்டுக்குப் போறீங்களாக்கா?”

மறதியைவிடப் பெரிய தொல்லை கண். கால்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வளைந்த அடைப்பும் நெளிந்த அடைப்பும் ஒன்றுபோல் தெரிந்தன. நான் மொழியைத் திட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன்.

“மொதல்ல கண்ணாடி வாங்கு” என்றார் வீட்டுக்காரர்.

“எனக்கு இன்னா வயசாயிடுச்சு?”

“உனக்கு ஆவல. அந்தப் புள்ளிக்கு ஆயிடுச்சு. அது சின்னதா பூடுச்சு.”

மறுநாள் அவரே கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தார். மூக்கில் உட்கார்ந்ததும் என் நிரலில் பதினொரு தப்பு தெரிந்தது. சாயங்காலத்தில் அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கேள்வி கேட்பார். அவருக்கு ஓர் எழுத்து புரியாது. ஆனால் நான் சொன்னதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றா என்று மட்டும் விரல் வைத்துப் பார்த்து, இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றைப் படித்தது அந்த மூன்று வாரம்தான்.

அலுவலகத்தில் எனக்குத் துணையாக ஒப்பந்தத்தில் ஒரு பெண் இருந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். பெர்ல் தவிர எல்லாம் தெரியும். நான் வரி வரியாக விளக்க, அவள் புதிய மொழியில் மாற்றி எழுதுவதாக ஏற்பாடு. பதினேழாம் கிணற்றில் வந்து நின்றோம்.

“மேடம், மத்த எல்லா கெணத்துக்கும் வந்த நம்பர அப்படியே எடுத்துக்கறீங்க. இதுக்கு மட்டும் டாலர் கே-ன்னு ஒண்ண வெச்சு பெருக்கறீங்க. பாயிண்ட் நாலு ரெண்டு. இன்னாத்துக்கு?”

பார்த்தேன். என் வரிதான். கே என்ற ஒற்றை எழுத்து, அதற்கு 0.42. பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. என்ன யோசித்தும் வரவில்லை.

“தெரியலம்மா.”

“எடுத்துடலாமா?”

எடுத்துப் பார்த்தோம். பதினேழில் தண்ணீர் பதிமூன்று மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. அந்தக் கிணற்றின் மொத்த ஆழமே ஒன்பது மீட்டர்.

“தரைக்குள்ள பூந்துகினு போவுது மேடம்” என்று சிரித்தாள். திரும்பப் போட்டோம். கணக்கு ஒழுங்காக நின்றது. ஏன் என்று தெரியாவிட்டாலும் சரியாக இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பழைய அவசரம் என்னிடம் இன்னும் இருந்தது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை பழைய நிரலிலேயே எல்லாம் ஓடி முடிந்தது. நாற்பது கோடுகள் திரையில் வந்தன. பெரும்பாலானவை கீழே சாய்ந்தன. பதினேழாம் கிணறு மட்டும் நல்ல பிள்ளை மாதிரி மேலே ஏறியிருந்தது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, ஈசிஆர் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஐம்பது அறுபது வீடு உள்ள ஊர். பன்னிரண்டு ஊர்ப் பட்டியலில் அது இல்லை. திங்கட்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் பட்டியல் முடிவாகும். அத்தோடு தொட்டி எங்கே எங்கே என்பதும் முடிந்துவிடும்.

“இவங்களுக்கு ஒண்ணும் கவல இல்ல மேடம். தண்ணி ஏறிகினே வருது” என்று சொல்லிவிட்டு அவள் ரயிலுக்கு ஓடினாள். நான் பஸ் ஏறினேன். மறந்த மொழி திரும்ப வந்துவிட்ட சந்தோஷத்தில் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு போனேன்.

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பூ கேட்டாள். கீழே நின்ற பூக்காரி முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்து அளந்தாள்.

“இன்னாமே, இம்மாங்குட்ட கையா கீது உனுக்கு? அந்தாண்ட ஒருத்தி குடுப்பா பாரு, அது முழம்.”

“அப்ப அவ கையவே வாங்கி தலைல வெச்சிக்கோ.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பூ அளந்த அந்தக் கையைப் பார்த்தேன். 0.42. கே என்றால் கை. அது ஒரு கையின் நீளம்.

பதினேழாம் கிணற்றை அளந்தவர் மாமல்லபுரத்தில் பூ விற்கிற அக்கா. விடியற்காலையில் பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர் சேந்த எல்லோருக்கும் முன்னால் கிணற்றடிக்கு வருகிறவர் என்பதால் அளக்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தோம். முதலில் கொடுத்த இரும்பு டேப்பை மூன்று மாதத்தில் உப்புக்காற்று தின்றது. இரண்டாவதாகக் கொடுத்த துணி டேப்பை ஆடு தின்றது. அதற்கப்புறம் வந்த அட்டைகளில் எண் இல்லை. வெறும் கோடுகள். பதினாலு கோடு. என்ன இது என்று கேட்கத் தொண்ணூற்றெட்டில் நான் அந்த ஊருக்குப் போனேன்.

“மொழம். ஒரு மொழத்துக்கு ஒரு கோடு” என்றார். “மூணாவதா ஒரு டேப்பு குடுப்ப. அத நாய் துன்னும். வுடும்மா. என் கைய எதுவும் துன்னாது.”

கல் கட்டிய கயிற்றைத் தண்ணீர் தொடும் வரை இறக்கி, கிணற்று விளிம்பில் விரலால் பிடித்து, மேலே இழுத்து, நனைந்த முனையிலிருந்து பிடித்த இடம் வரை கையில் வைத்து அளப்பார். மளமளவென்று, பூ அளக்கிற அதே வேகம். நான் கொண்டுபோன டேப்பில் அதே கயிற்றை அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. “அந்தக் கெணத்த வுட்டுடுங்க, முழத்தயெல்லாம் நாம எடுத்துக்க முடியாது” என்று அப்போதிருந்த இயக்குநர் சொல்லியிருந்தார். நான் விடவில்லை. அந்த அக்காவின் கையை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். ஈரமும் மல்லிகையுமாக இருந்தது அந்தக் கை. வந்து வெறுங்காலோடு உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினேன். குறிப்பு எழுதவில்லை. இதை நான் எங்கே மறக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பேன்.

நினைவு வந்ததில் பெருமையாக இருந்தது. பஸ் கிளம்பி நாலு நிமிடத்தில் பெருமை போய்விட்டது. பதினேழாம் கிணறு ஏறியது எவ்வளவு? திரையில் பார்த்த எண் கண்ணில் நின்றது. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கூடாமல் குறையாமல் ஒரு முழம். அதுவும் மெல்ல மெல்ல ஏறவில்லை. ஓர் இடத்தில் படி மாதிரிக் குதித்து ஏறியிருந்தது. சுற்றிலும் எல்லாக் கிணறும் இறங்கும்போது ஒரு கிணறு மட்டும் எப்படிப் படி ஏறும்?

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரருக்கு விடுமுறை. டேப்பைப் பையில் போட்டபோது கேட்டார்.

“இன்னா, தையல் கடைக்கா?”

“ஒருத்தங்க கைய அளக்கணும்.”

“ஒம்போது வருசத்துல வளந்திருக்கும்ன்றியா?” என்றபடியே ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கடற்காற்று கண்ணில் மணல் வீச, சட்ராஸ் தாண்டி வடக்கே போனோம். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே அக்கா இருந்தார். வேப்பமர நிழலில் முறத்தில் அரும்பைப் பரப்பி, கால் கட்டைவிரலில் நாரை மாட்டித் தொடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வலது கை முழங்கையில் மடங்கியபடியே நின்றது. நிமிரவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“டேப்பு குடுத்த பொண்ணுதான நீ? இன்னா இப்டி ஊதிட்ட? கண்ணாடி வேற.”

“கைக்கு இன்னாக்கா ஆச்சு?”

“கூழு ஊத்துற அன்னிக்கு அம்மன் கோயிலாண்ட சறுக்கி வுழுந்தேன். கட்டு கட்டுனான், கோணலா சேந்துகிச்சு. பூ அளக்கலாம், கயிறு இழுக்க ஆவாது. அது ஆச்சு ஆறு வருசம்.”

“அப்ப கெணத்த யாரு அளக்கறது?”

“இன்னா கேள்வி இது. நான்தான் அளக்கறேன். கைதான் அவுளுது.”

அக்கா சொன்ன அந்த ‘அவள்’ எங்கள் குரல் கேட்டு வீட்டிலிருந்து வெளியே வந்தாள். மருமகள். நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் வெளியே வர முடிந்தது, அத்தனை உயரம். மூவருமாகக் கிணற்றடிக்குப் போனோம். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து தள்ளி நின்றார். அக்கா கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து, இறக்கு, நிறுத்து, இழு என்று உத்தரவு போட்டார். மருமகள் கயிற்றைத் தன் கையில் வைத்து அளந்தாள். அக்கா உரக்க எண்ணினார். பதிமூன்று.

நான் டேப்பை எடுத்தேன். மருமகள் வெட்கத்தோடு கையை நீட்டினாள். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தேன். நாற்பத்தேழு. மறுபடி. நாற்பத்தேழு. கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு முழம் ஏறியதாக நாங்கள் எழுதி வைத்திருந்த கிணறு, உண்மையில் ஒரு சாண் இறங்கியிருந்தது.

“இவங்க கை உங்க கையவிட நீளம்க்கா. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம? அதான் பூவ அளக்க வுடமாட்டேன் இவள” என்றார் அக்கா.

மருமகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். “எங்கத்த சொல்லும்க்கா, உன் கையால அளந்தா மொழத்துக்கு நாலு பூ சேத்து பூடும், கட்டாதுன்னு. கெணறு அளக்கத்தான் வுடும்.”

“கெணத்துக்கு இன்னா, நட்டமா ஆவப் போவுது?” என்றார் அக்கா.

தூரத்தில் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். நீளமான கையில் முழம் குறைவாக வரும், குறைவாக வந்தால் தண்ணீர் மேலே இருப்பதாக எங்கள் நிரல் நினைத்துக்கொள்ளும், அதனால் தொட்டி போடும் பட்டியலில் உங்கள் ஊர் இல்லை என்று சொன்னேன்.

அக்கா முறத்தில் அரும்பு தேடுவதுபோல மடியில் எதையோ தேடினார். ஒன்றுமில்லை அங்கே. மடங்கிய கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டார்.

“அப்ப என்னாலதான் ஊருக்குத் தண்ணி இல்லன்னு பூடுமா?”

“உங்களால இல்லக்கா. நான் வந்து பாத்திருக்கணும். ஒம்போது வருசமா வரல. இவங்க எந்த மாசத்துலேந்து அளக்கறாங்கன்னு மட்டும் எனக்குச் சரியா தெரிஞ்சா போதும், அதுக்கு முன்னாடி உங்க கை, அதுக்கு அப்புறம் இவங்க கைன்னு போட்டுருவேன்.”

“வுழுந்தது ஆடி. அதுக்கப்புறமும் நான் ரெண்டு மூணு மாசம் பல்லக் கடிச்சிகினு அளந்தேன்.”

“இல்லத்த, எனக்கு வளகாப்பு ஆன அன்னிக்கு நான்தான் அளந்தேன்.”

“அன்னிக்கு இல்ல. உன்ன தூக்கவே வுடலயே கயித்த.”

இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். முடிவாகவில்லை. கடைசியில் மருமகள்தான் சொன்னாள்: “எங்கத்த கோடு போடும். எனுக்கு நம்பர் எழுத வரும். நான் நம்பர்தான்க்கா எழுதுவேன்.”

புறப்படும்போது அக்கா இடது கையால் ஒரு துண்டு பூவைக் கிள்ளி என் தலையில் வைக்கப் பார்த்தார். எட்டவில்லை. மருமகள் வாங்கி வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்குகளைக் கூடுவாஞ்சேரிப் பெண்ணும் நானும் வெளியே இழுத்தோம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பின் அட்டைகளை எறியாமல் மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள். கரப்பான் எச்சமும் பழுப்புமாகப் பதினேழாம் எண் அட்டைகளைப் பொறுக்கி, மாதவாரியாகத் தரையில் பரப்பினோம். கோடு, கோடு, கோடு. ஒவ்வொன்றும் குச்சி நட்ட மாதிரி நேராக. ஏற்றுகிறவர்கள் கோடுகளை எண்ணி எண்ணாக அடித்திருந்ததால் கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசமே இல்லை. தரையில் கிடந்தபோது பளிச்சென்று தெரிந்தது.

நடுவே ஓர் அட்டை. அதில் இரண்டே கோடுகள். இரண்டும் நடுங்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தன. இடது கையால் போட்டுப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. பக்கத்தில் உருண்டையான எழுத்தில், வேறு பேனாவில், 13. அதற்கப்புறம் எல்லாமே எண்கள்.

கூடுவாஞ்சேரிப் பெண் அந்த அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தாள். தபால் முத்திரையைப் பார்த்து மாதத்தைச் சொன்னாள். அக்டோபர் கடைசி, அதாவது ஐப்பசி. ஆடிக்குப் பின் மூன்று மாதம் அக்கா, அதற்கப்புறம் மருமகள்; இருவர் சொன்னதிலும் பாதி சரி.

நான் செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தேன். புதிய மொழியில் மாற்றுவதற்கு நேரமில்லை. என் பழைய நிரலிலேயே மற்ற முப்பத்தொன்பது இஃப்களையும் தூக்கிவிட்டு ஒரு ஹாஷில் போட்டேன். பதினேழுக்கு மட்டும் இஃப்பை விட்டுவைத்தேன். இந்த மாதத்துக்கு முன்னால் 0.42. இந்த மாதத்திலிருந்து 0.47. இந்த முறை குறிப்பு எழுதினேன். முதலாவது மாமியார் கை, இரண்டாவது மருமகள் கை, சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்கவும் என்று.

ஓட்டினோம். கோடு வரைந்துகொண்டே வந்தது. படி மறைந்தது. மற்றக் கிணறுகளைப் போலவே கீழே சாய்ந்தது.

“எறங்கிடுச்சு மேடம்” என்று கை தட்டினாள் அவள். தட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஓர் ஊரின் கிணறு வற்றுவதற்கு நாங்கள் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்துக்கு முன் இயக்குநரிடம் போனேன். “கையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியுமா மேடம்?” என்றார். அட்டைகளை அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். கோடுகள், அந்த இரண்டு நடுக்கம், எண்கள். அந்த நடு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்தார். “அளவு முறைத் திருத்தம்னு போட்டுருங்க” என்றார். பதினேழாம் கிணறு பட்டியலில் ஒன்பதாவதாக ஏறியது.

கூட்டம் முடிந்ததும் மருமகள் கொடுத்திருந்த செல் எண்ணுக்குப் போட்டேன். அவள்தான் எடுத்தாள், “அத்த” என்று கூவிக்கொண்டே ஓடுவது கேட்டது. கடற்காற்று ஃபோனுக்குள் புகுந்து இரைந்தது. அதற்குப் பின்னால் அக்காவின் மூச்சு.

“இன்னாம்மா ஆச்சு?”

“பட்டியல்ல உங்க ஊரு கீதுக்கா.”

“கீதா?” என்றார் மெல்ல. யாரிடமோ திரும்பி “நம்ம ஊரு கீதாமே” என்றார். மறுபடி என்னிடம் வந்தார்.

“அப்ப தண்ணி கீழ பூடுச்சுன்னு உன் மிசினு ஒத்துகிச்சு.”

“ஒத்துகிச்சுக்கா.”

“எனுக்கு அது எப்பவோ தெரியும். போன வருசமே கயிறு எட்டல. இன்னொரு துண்டு முடிஞ்சி நீட்டுனோம்.”

நான் காதில் ஃபோனோடு எழுந்து நின்றுவிட்டேன். “அத ஏன்க்கா எங்களுக்குச் சொல்லல?”

“நீ கேக்கலியே. கார்டுல எழுதலாம்னு பாத்தோம். அதுக்கு எடமே வுடலயே நீங்க.”